பஸ்காலில் 1, பைதனில் 0: இந்தப் பழக்கங்கள் எங்கிருந்து வந்தன?

பாலையூற்று டீச்சர்

சாதாரண தரத்தில் பஸ்கால் படித்துவிட்டு உயர்தரத்தில் பைதனுக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடங்களில்தான் தடுக்குப்படுகிறார்கள். ":=" எழுதிப் பழகிய கை "=" இற்கு வர மறுக்கிறது. அணியின் முதல் உறுப்பை எடுக்க 1 போட்டால் இரண்டாவது வருகிறது. "ஏன் டீச்சர்?" என்று கேட்டால் "அந்த மொழி அப்படி" என்று சொல்லி முடிக்க மனமில்லை. முதலாம் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்ற அட்டவணை பிள்ளைகளுக்கு மனப்பாடம். அவர்கள் கேட்பது அதையல்ல. காரணம் தெரிந்தவர்கள் வகுப்பில் சொல்லக்கூடிய மாதிரி எழுதுங்கள்.

உட்துறைமுகம்

டீச்சர், "=" இலிருந்து தொடங்குவோம்.

1557 இல் றொபேர்ட் றெக்கோர்ட் சமன் குறியைப் போட்டபோது அதன் பொருள் "இரு பக்கமும் ஒன்று" என்பதுதான். "இந்தப் பெறுமதியை அந்தப் பெட்டிக்குள் போடு" என்று சொல்லக் கணிதத்தில் குறி இல்லை, தேவையும் இருக்கவில்லை. அது கணினிக்காரருக்கு வந்த தேவை. 1940களில் கொன்றாட் சூசே தன் பிளான்கல்கூல் மொழியில் அம்புக்குறி போட்டார்: கணக்கு இடப்பக்கம், வாங்கும் மாறி வலப்பக்கம்.

1957 இல் ஐபிஎம் 704 கணினிக்கு வந்த ஃபோர்ட்ரான் மொழியில் ஜோன் பக்கஸின் குழு "=" ஐயே எடுத்தது. இதைக் கவனயீனம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை, ஏனென்றால் அந்த முதல் ஃபோர்ட்ரானில் "சமமா?" என்று கேட்கும் குறியே கிடையாது. நிபந்தனை இப்படித்தான் எழுதப்பட்டது:

இஃப் (அ - ஆ) 10, 20, 30

கழித்து வரும் விடை மறையானால் 10 என்று இலக்கமிட்ட வரிக்குப் போ, பூச்சியமானால் 20 இற்கு, நேரானால் 30 இற்கு. 704 இன் ஒப்பிடும் கட்டளையும் அப்படியே மூன்றாகப் பிரிவது: பெரிதென்றால் அடுத்த கட்டளை, சமமென்றால் ஒன்றைத் தாண்டு, சிறிதென்றால் இரண்டைத் தாண்டு. ஆகவே "=" சும்மா கிடந்தது, எடுத்தார்கள். பிறகு சமன் பார்க்கும் குறி தேவைப்பட்டபோது அந்த இடம் போய்விட்டது. அட்டை துளைக்கும் இயந்திரத்தில் "<", ">" உம் இல்லை. அதனால்தான் பழைய ஃபோர்ட்ரானில் ஈக்கியூ, எல்டி என்று இரண்டு எழுத்தை இரு புள்ளிகளுக்கு நடுவில் எழுதுகிறார்கள்.

1958 இல் அல்கோல் என்ற மொழியைச் செய்யக் கூடிய குழுவில் கணிதக்காரர் அதிகம். "=" ஐச் சமனுக்கே விட்டுவிட்டு, பெறுமதி இடுவதற்கு ":=" என்று தனியாக ஒன்றை வைத்தார்கள். நிக்லவுஸ் விர்த் அல்கோல் வழியில் வந்தவர். 1970 இல் அவர் வெளியிட்ட பஸ்காலில் ":=" இருப்பது அதனால்தான்.

சீனக்குடா64

மிச்சத்தை நான் சொல்கிறேன். பைதன் அல்கோல் பக்கத்தால் வரவில்லை, இந்த விடயத்தில் சி பக்கத்தால் வந்தது.

கேம்பிரிட்ஜின் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967 இல் செய்த பிசிபிஎல் மொழியிலும் ":=" தான். பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் அதைச் சுருக்கி பி என்ற மொழியாக்கினார். அவர் பாவித்த பிடிபி-7 கணினியின் நினைவகத்தில் இருந்தது 18 பிற் சொற்கள் (இயந்திரம் ஒரே தடவையில் எடுக்கும் அலகுகள்) 8 ஆயிரம்தான். மொழியையும் கம்பைலரையும் (செய்நிரலை இயந்திரக் கட்டளையாக்கும் தொகுப்பான்) எவ்வளவு சின்னதாக்கலாமோ அவ்வளவு சின்னதாக்கினார். அந்தச் சுருக்கத்தில் ":=" என்பது "=" ஆனது, சமன் பார்ப்பது "==" ஆனது. இதற்கு ஆழமான தத்துவம் ஒன்றும் இல்லை, தொம்சனின் ரசனை அது என்று சி ஐச் செய்த டெனிஸ் ரிச்சியே எழுதியிருக்கிறார். பி இலிருந்து 1972 அளவில் சி, சி இலிருந்து ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பைதன் என்று ஒருவரின் ரசனை உலகம் முழுக்கப் போய்விட்டது.

விளைவும் சேர்ந்தே போனது. சி இல்

இஃப் (அ = 5)

என்று எழுதினால் பிழை வராது. அ இற்குள் 5 போகும், 5 பூச்சியமல்ல என்பதால் நிபந்தனை எப்போதும் உண்மை. இப்போதைய கம்பைலர்கள் எச்சரிக்கும், ஆனால் எச்சரிக்கைகளைத் திறந்து வைத்திருந்தால்தான். பைதன் இதை இலக்கணப் பிழையாக்கி நிறுத்திவிடுகிறது. அடைப்புக்குள் உண்மையிலேயே பெறுமதி இட வேண்டுமென்று கேட்டவர்களுக்காக 3.8 பதிப்பில் (2019) புதுக்குறி ஒன்று வந்தது. என்ன குறி? ":=". அறுபது வருடம் சுற்றி அல்கோல் குறி திரும்பி வந்திருக்கிறது. அந்தக் குறி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை முடிந்த கையோடுதான் 2018 யூலையில் கீடோ வான் ரோசம் பைதனின் தலைமையை விட்டு விலகினார்.

உப்புவெளிப் பெடியன்

0 இலிருந்து எண்ணினால் கணினிக்கு வேகம், அதனால்தான் சி அப்படி என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா அண்ணா?

உட்துறைமுகம்

பாதி உண்மை தம்பி. கணக்கைப் பார்.

அணி நினைவகத்தில் 1000 ஆம் முகவரியில் தொடங்குகிறது, ஒரு உறுப்புக்கு 2 பைற் என்று வை. 0 இலிருந்து எண்ணினால் ஐ ஆவது உறுப்பின் முகவரி 1000 + 2ஐ. 1 இலிருந்து எண்ணினால் 1000 + 2(ஐ - 1). ஒரு கழித்தல் கூடுதல்தானே என்று தோன்றும். ஆனால் பஸ்கால் கம்பைலருக்குக் கீழெல்லை 1 என்பது முன்பே தெரியும். 1000 - 2 = 998 என்று தொகுக்கும்போதே கணித்து வைத்துக்கொண்டு, ஓடும்போது 998 + 2ஐ என்றுதான் போடும். செலவு ஒன்றுதான். பஸ்காலில் கீழெல்லையை -5 என்று வைத்தாலும், எழுத்துகளையே சுட்டியாக வைத்தாலும் இதே வித்தை.

பிசிபிஎல், பி, சி இல் உறுப்பை எடுக்கும்போது அணி என்பது முகவரி மட்டும்தான். அதன் எல்லையைக் கம்பைலர் பார்ப்பதில்லை. அணியின் பெயருக்கு 3 ஐக் கூட்டினால் மூன்று இடம் தள்ளிப் போ என்று அர்த்தம். தொடக்கத்திலேயே நிற்பது 0 இடம் தள்ளுவது. அங்கே 0 என்பது "எத்தனையாவது" என்ற எண்ணிக்கை இல்லை, "எவ்வளவு தூரம்" என்ற அளவு. வகுப்பில் அளவுகோலை வைத்துக் காட்டலாம்: முதல் சென்ரிமீற்றர்த் துண்டு 0 இல் தொடங்குகிறது. முதல் துண்டு என்கிறோம், 0 ஆம் துண்டு என்று யாரும் சொல்வதில்லை.

ஃபோர்ட்ரான் எண்ணுவதை 1 இல் தொடங்கியது கணிதத்தில் அணிகளின் கீழ்க்குறி 1 இலிருந்து எழுதப்படுவதால். ஆர், மட்லாப், ஜூலியா, லுவா எல்லாம் இன்றும் 1 தான். பொறியியலாளரையும் புள்ளிவிபரக்காரரையும் நோக்கிச் செய்த மொழிகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்.

நிலாவெளிக் காற்று

பைதனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1982 இல் கணினி விஞ்ஞானி எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஒரு சிறு குறிப்பு எழுதினார். 2 முதல் 12 வரை என்பதை நான்கு விதமாக எழுதலாம், அதில் 2 ≤ ஐ < 13 என்பதே நல்லது என்பது அவர் வாதம். மேலெல்லையிலிருந்து கீழெல்லையைக் கழித்தால் எண்ணிக்கை நேரே வரும் (13 - 2 = 11), ஒரு துண்டு முடியும் எண்ணிலேயே அடுத்த துண்டு தொடங்கும். அப்படியானால் உறுப்புகளின் தொகையை எண் என்று வைத்தால் அணிக்கு 0 ≤ ஐ < எண் என்பதே அழகு.

பைதனில் துண்டு வெட்டுவது இதே மாதிரி. [0:3] உம் [3:6] உம் சேர்ந்தால் [0:6]. 1 ஐக் கூட்டுவதும் கழிப்பதும் எங்கும் இல்லை. பிள்ளைகளுக்கு வரும் "ஒன்று கூடிப்போச்சு, ஒன்று குறைஞ்சுபோச்சு" வழுக்களில் பாதி பஸ்காலின் "1 முதல் எண் வரை" பழக்கத்தோடு பைதனின் றேஞ்ச் ஐ எழுதுவதால் வருவது. றேஞ்ச்(1, 10) என்றால் 9 உடன் நிற்கும்.

கிண்ணியா நானா

சின்னவர்களுக்கு அட்டையைக் காட்டாமல் இந்தக் கதை விளங்காது. ஒரு துளையட்டையில் 80 நிரல். ஃபோர்ட்ரான் அதில் 72 ஐத்தான் வாசித்தது. ஏன்? 704 இன் ஒரு சொல் 36 பிற். அட்டை வாசிப்பான் ஒரு வரிசையை இரண்டு சொல்லாக எடுக்கும். 36 + 36 = 72. மிச்சம் 8 நிரலில் அட்டைக்கு வரிசை இலக்கம் துளைப்பார்கள், கட்டு கீழே விழுந்து கலைந்தால் இயந்திரத்தில் போட்டு அடுக்க.

72 இற்குள்ளும் பங்கு பிரித்தாயிற்று. 1 முதல் 5 வரை வரி இலக்கம். 6 இல் பூச்சியம் அல்லாத ஏதாவது துளை இருந்தால் அது முந்திய அட்டையின் தொடர்ச்சி. 7 முதல் 72 வரை கட்டளை. முதல் நிரலில் "சி" என்ற எழுத்து இருந்தால் குறிப்புரை. பழைய நிலையான வடிவச் செய்நிரலைப் புதுத் தொகுப்பானில் போடும்போது விடை பிசகினால் முதலில் பார்க்க வேண்டியது 72 ஆம் நிரலைத் தாண்டிய வரிகளைத்தான். அதற்கப்பால் இருப்பதைக் கம்பைலர் சத்தமில்லாமல் விட்டுவிடும். வரியின் கடைசி இலக்கம் வெட்டுப்பட்டு 1250 என்பது 125 ஆனாலும் இலக்கணம் சரியாகவே இருக்கும்.

மாறியின் பெயர் ஆறு எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பதும் அதே 36 பிற்தான். ஒரு எழுத்துக்கு 6 பிற், ஒரு சொல்லுக்குள் 6 எழுத்து.

கோபோல் மொழியும் (1959 இல் தொடங்கிய வேலை) அட்டையில் வாழ்ந்ததுதான். 1-6 வரிசை இலக்கம், 7 இல் உடுக்குறி போட்டால் குறிப்புரை, 8 இல் தலைப்புகள், 12 இல் கட்டளைகள்.

உப்புவெளிப் பெடியன்

நானா, ஒரு காற்புள்ளிக்குப் பதில் முற்றுப்புள்ளி விழுந்து ரொக்கெட் வெடித்தது என்பது இந்த ஃபோர்ட்ரானிலா?

சீனக்குடா64

அது இரண்டு கதை ஒட்டிக்கொண்டது.

ஃபோர்ட்ரான் இடைவெளியைக் கணக்கில் எடுக்காது. "டூ 10 ஐ = 1, 10" என்றால் ஐ ஐ 1 முதல் 10 வரை சுற்று. காற்புள்ளி புள்ளியாகி "டூ 10 ஐ = 1.10" ஆனால் இடைவெளிகளை நீக்கிவிட்டு "டூ10ஐ" என்ற பெயருள்ள ஒரு மாறிக்குள் 1.10 ஐப் போடும். மாறிகளை முன்கூட்டியே அறிவிக்கத் தேவையில்லாததால் கம்பைலருக்கு அதில் குறை தெரியாது. சுற்று ஓடாது, ஒரு தடவைதான் நடக்கும். இந்த வழு நாசாவின் மேர்க்குரித் திட்டத்துக்கான ஒரு கணிப்புச் செய்நிரலில் இருந்து கண்டுபிடிக்கப்பட்டது. எதுவும் வெடிக்கவில்லை.

1962 யூலை 22 இல் அழிக்கப்பட்ட, வெள்ளிக் கோளுக்கு அனுப்பிய மரினர் 1 விண்கலத்தின் கதை வேறு. வழிகாட்டற் சமன்பாட்டில் ஒரு குறியின் மேல் இருக்க வேண்டிய கோடு கையால் பெயர்த்தெழுதும்போது விடுபட்டது. மேற்கோடு என்றால் "சராசரியாக்கிய பெறுமதி". கோடு இல்லாததால் சராசரியாக்காத பெறுமதியை வைத்துத் திருத்தம் செய்தது. காற்புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு பொய்க்கதையையும் இதிலேயே முடிக்கிறேன். சி இன் "++" பிடிபி-11 இன் தானாகக் கூடும் முகவரி வசதியிலிருந்து வந்தது என்பார்கள். தொம்சன் அதை பி மொழியில் போட்டபோது பிடிபி-11 பிறக்கவே இல்லை.

பாலையூற்று டீச்சர்

இது நல்லது, மரினர் கதையை இத்தனை நாளும் பிழையாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். இன்னும் ஒரு சந்தேகம். பஸ்காலில் "அ > 0 அன்ட் ஆ > 0" என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் பிழை, பைதனில் சரி. ஏன்?

உட்துறைமுகம்

அல்கோல் 60 இல் எது முதலில் என்ற படிகள் கனக்க. விர்த் அவற்றை நான்காகக் குறைத்தார்: நொட், பிறகு பெருக்கலும் வகுத்தலும் அன்ட் உம், பிறகு கூட்டலும் கழித்தலும் ஓர் உம், கடைசியில் ஒப்பிடும் குறிகள். அன்ட் பெருக்கலோடு ஒரே படியில் நிற்பதால் கம்பைலர் முதலில் "0 அன்ட் ஆ" என்பதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே (அ > 0) அன்ட் (ஆ > 0). தர்க்கக் கணிதத்தில் "உம்" பெருக்கல் மாதிரி, "அல்லது" கூட்டல் மாதிரி என்பது படிக்க அழகு, எழுதத் தொல்லை.

சி இன் தொல்லை வேறு விதம். தனி "&" இன் படி "==" ஐ விடக் கீழே. "அ & 4 == 0" என்றால் முதலில் 4 == 0 பார்த்து, வரும் 0 ஐ அ உடன் சேர்க்கும். விடை எப்போதும் 0. காரணம், பி இல் "&&" இல்லை, நிபந்தனைகளை இணைப்பதும் பிற்களை இணைப்பதும் ஒரே "&" தான். சி இல் "&&" ஐச் சேர்த்தபோது ஏற்கெனவே எழுதிய செய்நிரல்கள் உடைந்துவிடும் என்று "&" இன் படியை மாற்றாமல் விட்டார்கள். ரிச்சி பின்னாளில் மாற்றியிருக்கலாம் என்று எழுதினார். பைதன் இதைத் திருத்திக்கொண்டது. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் அப்படியே காவிக்கொண்டு வந்தன.

"எல்ஸ்" இற்கு முன் அரைப்புள்ளி போட்டால் பஸ்கால் கத்துவதும் இப்படித்தான். அல்கோல் வழியில் ";" இரண்டு கட்டளைகளைப் பிரிக்கும் வேலி. சி இல் அது ஒரு கட்டளையின் முடிவு. "எல்ஸ்" ஐ வேலிக்கு அப்பால் தள்ளினால் அதற்கு உரிய "இஃப்" இல்லாமல் போய்விடும்.

சீனக்குடா64

டீச்சர், வகுப்பைக் கலக்க ஒன்று தருகிறேன். நம் திருகோணமலையின் தொலைபேசிக் குறியீடு 026. சி இல் ஒரு முழு எண் மாறிக்கு 026 ஐக் கொடுத்து அச்சிடச் சொல்லுங்கள். 22 வரும்.

முன்னால் பூச்சியம் வந்தால் எண்ம முறை, அதாவது 2×8 + 6. இதுவும் பி இலிருந்து வந்தது. 18 பிற் சொல்லை மூன்று மூன்றாகப் பிரித்தால் சரியாக ஆறு எண்ம இலக்கம், எனவே அந்த இயந்திரத்தில் எண்மம்தான் வசதி. 8 பிற் பைற் பரவிய பிறகு பதினறுமம் வந்துவிட்டது, முன்பூச்சியம் மட்டும் போகவில்லை. மட்டக்களப்பின் 065 ஐப் போட்டால் 53. கண்டியின் 081 ஐப் போட்டால் கம்பைலர் பிழை சொல்லும், 8 எண்ம இலக்கமல்ல. பழைய போக்கில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் மோசம்: 026 ஐ 22 ஆக்கும், 081 ஐ மட்டும் 81 ஆகவே விடும். ஒரே பட்டியலில் சில எண் சரி, சில எண் பிழை. பைதன் 2 உம் 22 என்றது. பைதன் 3 (2008) முன்பூச்சியத்தைத் தடைசெய்து எண்மத்துக்குப் பூச்சியத்தையும் "ஓ" எழுத்தையும் சேர்த்து எழுது என்றது.

தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், பரீட்சைச் சுட்டெண் எல்லாம் சரமாகத்தான் (எழுத்துத் தொடராக) இருக்க வேண்டும். கூட்டிக் கழிக்காத எதுவும் எண் அல்ல.

உப்புவெளிப் பெடியன்

-7 ஐ 2 ஆல் முழு எண்ணாக வகுத்தால் பஸ்காலில் -3, பைதனில் -4 வருகிறது. இதுவும் இயந்திரமா?

உட்துறைமுகம்

சி இல் இயந்திரத்தின் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள், 1999 நியமத்தில்தான் பூச்சியம் நோக்கி வெட்டு என்று உறுதியாக்கினார்கள். பஸ்காலின் டிவ் உம் பூச்சியம் நோக்கித்தான் வெட்டும். பைதன் கீழ்நோக்கி இறங்கும், ஏனென்றால் மீதி எப்போதும் வகுக்கும் எண்ணின் குறியோடு வர வேண்டும் என்று பார்த்தார்கள். -7 ஐ 3 ஆல் வகுத்த மீதி பைதனில் 2, சி இல் -1. கிழமை நாட்கள், மணிக்கூடு போன்ற சுற்றிவரும் கணக்குகளுக்குப் பைதன் முறை நல்லது.

கிண்ணியா நானா

கணக்கு என்று வந்தபடியால் சதத்தையும் சொல்லிவிடுகிறேன். பைதனில் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004. இரும முறையில் பத்திலொன்று முடிவில்லாமல் மீளும், மூன்றிலொன்று நம் தசமத்தில் 0.333 என்று ஓடுவது போல. 53 பிற்றில் வெட்டுகிறார்கள், மிச்சம் இப்படி வெளியே தலைகாட்டும்.

கோபோல் காசுக்குப் பிறந்தது என்பதால் தசமத்தைத் தசமமாகவே வைத்தது. பொதி தசமம் என்பது ஒரு பைற்றில் இரண்டு இலக்கம், கடைசி அரைப் பைற்றில் கூட்டலா கழித்தலா என்ற குறி. +12345 என்றால் முதல் பைற்றில் 1, 2. அடுத்ததில் 3, 4. கடைசியில் 5 உம் குறியும். மூன்று பைற். ரூபாய்க்கு 7 இலக்கம் சதத்துக்கு 2 என்றால் ஐந்து பைற்றில் முடிந்துவிடும். தசமப் புள்ளி சேமிக்கப்படுவதில்லை, அது எங்கே என்பது அறிவிப்பில் மட்டும் இருக்கும். ஆண்டை இரண்டு இலக்கமாக வைத்து 2000 இல் எல்லாரையும் ஓட வைத்ததும் இதே பைற் மிச்சம் பிடிக்கும் குணம்தான்.

பைதனில் காசு எழுதுகிறவர்கள் டெசிமல் தொகுதியை எடுங்கள். அடைப்புக்குள் 0.1 ஐ மேற்கோள் குறியோடு கொடுங்கள். மேற்கோள் இல்லாமல் கொடுத்தால் முதலில் இருமமாகிக் கெட்ட பிறகுதான் அது டெசிமலுக்குப் போகும், பிறகு போய்ப் பயனில்லை. அல்லது எல்லாவற்றையும் சதத்தில் முழு எண்ணாக வையுங்கள்.

நிலாவெளிக் காற்று

எண்களை விட நமக்குச் சிக்கல் சரத்தில். "திருகோணமலை" என்ற சொல்லின் நீளம் என்ன?

கண்ணுக்கு 6 எழுத்து. பைதன் 3 இன் லென் 10 என்கிறது. ஜாவாவும் 10. சி, கோ, ரஸ்ட் மொழிகளில் 30. ஸ்விஃப்ட் 6. எல்லாமே சரிதான், எண்ணுவது வேறு வேறு. யூனிகோட்டில் தி, ரு, கோ, லை ஒவ்வொன்றும் மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டு குறியிலக்கம் (ஒவ்வொரு குறிக்கும் யூனிகோட் கொடுத்த எண்), ண உம் ம உம் ஒவ்வொன்று. மொத்தம் 10. அவற்றைப் பைற்றுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியிலக்கத்துக்கும் 3 பைற், ஆக 30.

ஊரின் பெயரை "திருக்கோணமலை" என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது 7 எழுத்து, 12 குறியிலக்கம், 36 பைற். தரவுத்தளத்தில் பைற் கணக்கில் 30 என்று நிரல் அகலம் வைத்திருந்தால் முதலாவது சரியாக அடங்கும், இரண்டாவது அடங்காது. பழைய டேர்போ பஸ்கால் வகைச் சரத்தில் நீளத்துக்கு ஒரு பைற்தான், எனவே 255 பைற் எல்லை. தமிழில் 85 குறியிலக்கத்தோடு சரி.

சீனக்குடா64

3 பைற் ஏன் என்பதிலும் நம் பழைய ஆள் நிற்கிறார். பிசிபிஎல் சரத்தின் முதல் பைற்றில் நீளத்தை வைத்தது. பி அதை விட்டுவிட்டு முடிவில் ஒரு குறி வைத்தது; சி இல் அந்த முடிவுக்குறி பூச்சியப் பைற். நீளம் தெரியாமல் வாசித்துக்கொண்டே போகும் சார்புகள் அதனால் வந்தன. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மொறிஸ் புழு உள்ளே போன வழிகளில் ஒன்று, ஒரு 512 பைற் இடத்துக்குள் அதைவிட நீளமான சரத்தைத் தள்ளியது. அந்த வாசிக்கும் சார்பைச் சி நியமத்திலிருந்து நீக்க 2011 ஆயிற்று.

யூனிகோட் வந்தபோது எழுத்துக்கு 2 பைற் என்று வைத்தால் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சியப் பைற் வரும், சி சரம் முதல் எழுத்திலேயே முடிந்துபோகும். 1992 செப்டெம்பரில் நியூ ஜேர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், மேசையில் விரித்த தாளில், ரொப் பைக்கோடு இருந்து யூடிஎஃப்-8 ஐ வரைந்தவர் கென் தொம்சன். வேறெந்த எழுத்தின் உள்ளும் பூச்சியப் பைற் வராது என்பது அதன் முதல் நிபந்தனைகளில் ஒன்று. ஆங்கிலம் 1 பைற்றிலேயே நின்றது. தமிழ் 3 இற்குப் போனது.

கிண்ணியா நானா

ஒரு விளக்கம் வேண்டும். ஊர்ப் பெயர்ப் பட்டியலில் திருகோணமலை இரண்டு தடவை வருகிறது. பார்வைக்கு ஒன்றுதான், பைதன் "==" இல்லை என்கிறது. லென் ஒன்றில் 10, மற்றதில் 11.

நிலாவெளிக் காற்று

கோ தான் நானா. ஓகாரக் குறிக்கு யூனிகோட்டில் தனி இலக்கம் உண்டு. ஏகாரக் கொம்பும் காலும் என்று பிரித்தும் எழுதலாம். சில விசைப்பலகைகளும் பழைய பாமினிக் கோப்பை மாற்றும் கருவிகளும் பிரித்துப் போடும். இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் சொல்கிறது, ஆனால் சரத்தை ஒப்பிடும்போது பைதன் அதைப் பார்ப்பதில்லை. யூனிகோட்டேட்டா தொகுதியில் நோர்மலைஸ் சார்புக்கு என்எஃப்சி என்ற வடிவத்தைச் சொல்லி எல்லாப் பெயரையும் உள்ளே எடுக்கும்போதே கடத்துங்கள். 11 உம் 10 ஆகும். வேடிக்கை என்னவென்றால் மாறியின் பெயராகக் கோ எழுதினால் பைதன் தானே இயல்பாக்கிக்கொள்ளும், மேற்கோளுக்குள் எழுதினால் தொடாது.

இது தீர்க்காத ஒன்றும் உண்டு. "கௌரி" இன் ஔகாரக் குறிக்குப் பதில் கெ போட்டு ள எழுத்தைத் தட்டியிருந்தால் எந்த இயல்பாக்கமும் பிடிக்காது. அதைத் தேடித் திருத்தத்தான் வேண்டும். அதற்கும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள், "கெளிறு" என்ற மீனும் மாறிப்போகும்.

வரிசைப்படுத்தும்போதும் கவனம். குறியிலக்க வரிசையில் ற வந்த பிறகே ல. ஆகவே இறக்கக்கண்டி முன்னும் இலுப்பைக்குளம் பின்னும் நிற்கும், நம் அகரவரிசைக்கு அது தலைகீழ். புள்ளி எல்லா எழுத்துக்கும் பின்னால் இருப்பதால் "கணக்கு" முந்தி "கண்டி" பிந்தி வரும். ஐசியூ நூலகத்தின் தமிழ் ஒழுங்கைப் பாவியுங்கள்.

உப்புவெளிப் பெடியன்

தமிழிலேயே ஒரு மொழி இருந்தால் இந்தத் தொல்லை வராதா?

உட்துறைமுகம்

இருக்கிறது தம்பி, முத்து அண்ணாமலை செய்த எழில். பைதன் மேல் கட்டியது, ஆகவே சரத்தின் தொல்லை அங்கேயும் அதே தொல்லை. எனக்கு அதில் பிடித்தது வேறு. "இஃப்" ஐ "ஆனால்" என்று பெயர் மட்டும் மாற்றாமல் இடத்தையும் மாற்றியிருக்கிறார்: நிபந்தனை அடைப்புக்குள் முன்னால் வரும், "ஆனால்" பின்னால் வரும். "மழை பெய்தால்" என்று நாம் சொல்கிற ஒழுங்கு அது. சுற்றுக்கும் அப்படியே, நிபந்தனை முதலில், "வரை" பிறகு.

கிண்ணியா நானா

இயல்பாக்கியதும் இரண்டும் ஒன்றாகிவிட்டது, நன்றி. பதிவுப் படிவத்தில் பெயருக்கு "20 எழுத்து" என்று எல்லை போட வேண்டும். எதை எண்ணுவது?

நிலாவெளிக் காற்று

எழுத்தை எண்ண வேண்டுமென்றால் ஓப்பன்-தமிழ் நூலகம் எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். [:5] என்று நேரே வெட்டினால் "திருக" என்று கோ இன் கழுத்தில் வெட்டும், அது மட்டும் வேண்டாம். ஆனால் ஶ்ரீ, க்ஷ வந்தால் யூனிகோட் விதிப்படி இரண்டு, பெயருக்குரியவரின் கணக்கில் ஒன்று. அந்தச் சண்டைக்குள் போகாமல் 60 குறியிலக்கம் என்று தாராளமாக எல்லை வையுங்கள், நிரல் அகலத்தை 180 பைற் ஆக்குங்கள்.